யோகேஸ்வரி விசாரித்த மாப்பிள்ளை

காலை ஆறரை.

கொட்டாஞ்சேனையில் யோகேஸ்வரியின் போன் அலறியது.

"அக்கா... ஓடி வாங்கோ! பிள்ளையின்ர பிளாட்ல... ஒரே ரத்தமாம்! பொலிஸ் வந்திட்டுதாம்..."

மேனகாவின் தாய் பாக்கியலெட்சுமி! அதற்கு மேல் அழுகைதான். போன் கட்டானது.

மேனகா! முந்தாநாள்தான் கழுத்தில் தாலி ஏறிய பிள்ளை!

"நான் அப்பவே சொன்னனான்!" என்று யோகேஸ்வரி வெறும் வீட்டில் கத்தினாள்.

மாப்பிள்ளை விசாரித்துச் சொல்வதுதான் யோகேஸ்வரியின் தொழில். வேலையிடம், அயல்வீடு, பழைய சிநேகிதம்... எல்லாம் துருவுவாள். மேனகாவுக்கு வந்த ஏழு வரன்களையும் தட்டிக்கழித்துவிட்டாள். எட்டாவது, பிரதீஸ். மனைவியை இழந்தவன். வேண்டவே வேண்டாம் என்றாள்.

"நீங்க எந்த ஆம்பிளையைத்தான் அக்கா நல்லவன் எண்டனீங்க?" பாக்கியலெட்சுமி சிரித்துவிட்டுக் கல்யாணத்தை முடித்துவிட்டாள்.

ஓட்டோ வெள்ளவத்தைக்குப் பறந்தது. யோகேஸ்வரி வழியெல்லாம் அழுதாள்.

அவளுடைய அப்பாவும் ஆம்பிளைதான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, "இப்ப வந்திடுவன் கண்ணம்மா" என்று அம்மாவிடம் மெல்லச் சொல்லிவிட்டு, அம்மாவின் நகையோடு போனவர் போனவர்தான்! அம்மா படுத்த படுக்கையாகி அந்த வருஷமே செத்தாள்.

அன்றிலிருந்து மெல்லப் பேசும் ஆம்பிளையைக் கண்டால் யோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். சத்தமாகப் பேசுகிறவனைக் கண்டாலும்தான்!

மூன்றாம் மாடி. வாசலில் இன்ஸ்பெக்டர் இப்திகார்.

"நீங்க யாரு?"

"மாப்பிள்ளை விசாரிச்சனான் சேர். எங்க அந்தப் பாவி? முதல் பெண்சாதியை முடிச்சவனும் அவன்தான்!"

ஹாலில் வெள்ளைத் துணி மூடிய உடல்...

"ஐயோ, மேனகா!"

"அன்ரி..."

பின்னாலிருந்து குரல்!

சமையலறை வாசலில் மேனகா. உயிரோடு! இரண்டு பக்கமும் பெண் பொலிஸ்.

"அப்ப... இது?"

"பிரதீஸ்," என்றார் இப்திகார். "குத்துவிளக்கால அடி. மண்டையில."

"கத்தியோட கிட்ட வந்தார் அன்ரி!" மேனகா நடுங்கினாள். "முதல் பெண்சாதியைக் கொலை செய்தவன், உன்னையும் விடான் எண்டு நீங்க ரகசியமாச் சொன்னீங்களே... அம்மா நம்பேல்லை. நான் நம்பினனான்! கண்ணை மூடிக்கொண்டு அடிச்சிட்டன்..."

"நல்ல வேலை செய்தாய் பிள்ளை! இல்லாட்டி நீ..."

"ஒரு கையில கத்தி," இப்திகார் குறுக்கிட்டார். "மத்தக் கையில என்ன இருந்துச்சு தெரியுமா? மாம்பழம்! கறுத்தக்கொழும்பான். பொண்டாட்டிக்கு வெட்டிக் குடுக்க வந்திருக்கான்."

இப்திகார் அதோடு விடவில்லை.

"மொதப் பொண்டாட்டி டெங்குல செத்திருக்கா. ஆஸ்பத்திரிக் கடிதம் அலுமாரியில இருக்கு. கொலைன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை..." அவள் குரல் இறங்கியது. "அவன் கதைச்சதைக் கேட்டன் சேர். மெல்லமா... இனிப்பா... அப்பா மாதிரியே..."

"விசாரிச்சனான் எண்டுதானே அன்ரி சொன்னீங்க!"

மேனகா வீறிட்டாள். பொலிஸார் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். லிஃப்ட் கதவு மூடும்வரை அந்த அழுகை கேட்டது. இருபத்தாறு வயது. இரண்டு நாள் கல்யாணம். இனி புதுக்கடைக் கோர்ட்டும் சிறையும்தான்.

"நீங்களும் வாங்க, வாக்குமூலம் எடுக்கணும்," என்றார் இப்திகார் வெறுப்போடு. "ஒரு பாவமும் அறியாத மனிசன்!"

யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வெள்ளைத் துணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா சேர்... செத்தும் ஒரு பொம்பிளையை ஜெயிலுக்கு அனுப்பிட்டான்! இதுதான் ஆம்பிளைப் புத்தி!"