பார்த்து வாசிப்பவர்கள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, இசைக்குறிப்பைத் திரையில் காட்டும் சுரப்பலகை தானாகவே காலியாகும். ஞாயிறு மாலை அரங்கில் வாசித்த படைப்பின் முப்பது பக்கங்களும் ஒவ்வொன்றாக வெளுத்து மறையும். நறுமுகை காபியைக் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் போனதும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது.

‘காலால் மிதித்துப் பக்கம் திருப்பும் பலகைகளுக்கு இந்த மாதத்துக்குப் பிறகு சுரத்தாள் வராது. பார்வையால் திருப்பும் பலகைக்கு மாறிக்கொள்ளவும்.’

“ஆதன், புதுசு வாங்கணும் போல இருக்கு.”

அவள் கணவன், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவின் தந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். கை ஒரு கணம் நின்றது. “இதுக்கு என்ன குறைச்சல்?” என்றான்.

கோவை நகர இசைக்குழுவில் வயோலாக்களின் முதல் மேசை பத்தொன்பது ஆண்டுகளாக அவர்களுடையது. இரண்டு பேருக்கு ஒரு தாங்கி, ஒரு பலகை. ஆதன் அந்தப் பிரிவின் தலைவன். தனித்து வாசிக்க வேண்டிய இடங்கள் வந்தால் அவன்தான் வாசிப்பான்.

கிராஸ்கட் ரோட்டில் இருந்த கடையில் விற்பனைப் பெண் மூன்று பலகைகளை எடுத்து வைத்தாள். ஆதன் நேராகப் பதினேழு அங்குலப் பலகையின் பக்கம் போனான். ஒளி தெறிக்காத கண்ணாடி, காகிதத்தைவிடப் பெரிய பக்கம். பேனாவால் வில்லின் போக்கைக் குறித்துக்கொள்ளவும் இடம் இருந்தது.

“இது மேசைக்கானதுங்க சார். ரெண்டு பேர் கண்ணையும் பார்க்கும். கடைசி வரிக்கு உங்க கண்ணு போனதும் பக்கம் தானா திரும்பிக்கும். வாசிச்சுப் பாருங்க.”

ஆதன் மாதிரிக்கு வைத்திருந்த வயோலாவை எடுத்து வாசித்தான். பக்கத்தின் முடிவுக்கு வந்தான். பக்கம் திரும்பவில்லை. மீண்டும் வாசித்தான். தலையைச் சற்று இடப்பக்கம் சாய்த்து, திரைக்கு வெளியே எதையோ பார்ப்பவன் போல நின்றான். அப்போதும் திரும்பவில்லை.

“கண்ணாடி கூசுது,” என்றான்.

நறுமுகை வயோலாவை அவனிடமிருந்து வாங்கி வாசித்தாள். பக்கம் சட்டென்று திரும்பியது.

“பக்கத்தைப் பார்க்காம வாசிச்சா என்ன ஆகும்?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“திரை அணைஞ்சிரும் மேடம். சுரக்கருவூலத்துக்கு அறிக்கை போயிருமுங்க.”

அவர்கள் எதுவும் வாங்காமல் வெளியே வந்தார்கள். எதிரே இருந்த பேக்கரியில் தேநீர் வரும்வரை அவள் பொறுத்தாள்.

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருஷம். நேராப் பார்த்தா நடுவுல ஒரே புகை. ஓரத்துல இருக்கிறது மட்டும் தெரியுது. டாக்டர் ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னுட்டார்.”

“அப்போ மேடையில?”

“வீட்டுல எழுத்தைப் பெருசாக்கி, ஒவ்வொரு வரியா ஓரக்கண்ணால படிச்சு வச்சுக்குவேன். மேடையில மனசுலிருந்துதான் வாசிக்கிறேன்.”

அவள் பக்கத்து மேசைகளைத் திரும்பிப் பார்த்தாள். யாராவது கேட்டிருப்பார்களோ என்ற பயம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, உலகத்தின் சுரத்தாள்கள் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போயின. சுரக்கருவூலம் என்பது அதன் பெயர். காகிதப் பிரதிகளை எல்லாரும் ஒப்படைத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் படைப்பைக்கூட ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத்தான் வாசிக்க வேண்டும். வாரம் முடிந்தும் அது ஒருவரின் தலைக்குள் தங்கியிருந்தால் அது நினைவு நகல். உரிமம் இல்லாத பிரதி. வாசித்தல் என்றால் பார்த்து வாசித்தல் என்று சட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

“சொல்லியிருக்கலாமே என்கிட்ட.”

“சொல்லியிருந்தா நீயும் மறைக்கணும். அதான் சொல்லல.”

தேநீர் ஆறியது. அவள்தான் வழி கண்டுபிடித்தாள். கடையில் மூன்றாவதாக இருந்த பத்து அங்குலப் பலகை, தனியாக வாசிப்பவர்களுக்கானது. அது ஒருவர் கண்ணை மட்டுமே பின்தொடரும். மேசைக்கு அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி எதுவும் இல்லை.

“அதுல எனக்கு ஒரு புள்ளிகூடத் தெரியாதே, முகை.”

“உனக்குத் தெரிய வேணாம். நான் பார்க்கறேன். நீ வாசி.”

திரும்பிப் போய் அதையே வாங்கினார்கள். இவ்வளவு சின்னது இரண்டு பேருக்குப் போதுமா என்று விற்பனைப் பெண் இரண்டு முறை கேட்டாள்.

சின்னத் திரையில் ஆதனால் எதையும் படிக்க முடியவில்லை. ஆகவே அன்றாடம் மாலையில் நறுமுகை அவனுடைய பகுதியை வாசித்துக் காட்டினாள். அவன் தரையில் அமர்ந்து சுவரில் சாய்ந்து கேட்பான். ஒருமுறை கேட்டதும் திருப்பி வாசிப்பான். “அந்த மூணாவது இடத்துல அவசரப்படறே,” என்பான். பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மேசையில் இருந்தும் அவள் வாசிப்பதை மட்டும் அவன் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது. பயத்தின் நடுவே அப்படி ஒன்று பிடித்துப்போவது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டு நிகழ்ச்சிகள் சிக்கல் இல்லாமல் முடிந்தன. மூன்றாவதில் வயோலாவுக்கு நீண்ட தனி வாசிப்பு இருந்தது. மற்றவர்கள் வில்லை இறக்கினார்கள். ஆதன் தொடங்கினான். நறுமுகையின் வேலை பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது மட்டும்.

அவள் அவனைப் பார்த்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். இனித் திரையைப் பார்ப்பதுபோல நடிக்கத் தேவையில்லை என்று யாரோ சொல்லிவிட்டதுபோல அந்த முகம் இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று பின்னால் விசாரணையில்தான் தெரிந்தது. பதினொரு வினாடி.

அவள் திரும்பியபோது திரை கறுத்திருந்தது.

தனி வாசிப்பு முடிந்து எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் வில்லைத் தந்தியில் வைத்தாள். அடுத்த சுரம் என்ன? வாரம் முழுவதும் அதை அவனுக்கு வாசித்துக் காட்டியவள் அவள்தான். ஆனால் பக்கம் இல்லாமல் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கண் நன்றாகத் தெரிகிறவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் அவன் ஒரு சுரமும் பிசகாமல் கடைசிவரை வாசித்தான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆதன் அவள் பக்கம் குனிந்து, “ஏன் நிறுத்திட்டே?” என்று கேட்டான்.

விசாரணைக்கு முந்தைய நாள் அவன் சொன்னான்: “உனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லிரு. நீயும் போயிட்டா அந்த மேசையில நம்ம ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்.”

குழுவின் மேலாளர் கோமகள் அம்மையார் கனிவானவர். தண்ணீர் கொடுத்தார். “நீங்க பார்த்ததை மட்டும் சொல்லுங்க, போதும்,” என்றார்.

“திரை அணைஞ்ச பிறகும் அவர் வாசிச்சார்.”

“மனப்பாடமா வச்சிருந்தது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது.”

கையெழுத்துப் போட்டாள். ஆதன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கதவு மெல்லியது, அவனுக்குக் கேட்டிருக்கும். வீடு திரும்பும் வழியில் “சரியாச் சொன்னே,” என்று மட்டும் சொன்னான்.

தீர்ப்பு மூன்று வரி. ஆதன் நினைவாளர் என்று பதிவு செய்யப்படுகிறான். இனி மேடையில் வாசிக்கக் கூடாது. வாடகைக்கு எடுத்த எந்தப் படைப்பும் அவன் காதில் விழாதவாறு பார்த்துக்கொள்வது, உடன் வசிக்கும் உரிமதாரரின் பொறுப்பு.

உடன் வசிப்பவள் நறுமுகை. பிரிவின் தலைவர் இடத்தையும் அவளுக்கே கொடுத்தார்கள். குழு ஓர் ஊமை வயோலாவை அனுப்பியது. காதுக்கருவி மாட்டிக்கொண்டால் வாசிப்பவருக்கு மட்டும் கேட்கும். பக்கத்தில் இருப்பவருக்கு, வில் தந்தியில் தேய்கிற சரசரப்புத் தவிர ஒன்றும் கேட்காது.

ஒரு மாலை அவள் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். பலகையின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அருகில் வேறு ஒலி கேட்கிறது என்ற எச்சரிக்கை அது. காதுக்கருவியைக் கழற்றினாள்.

கூடத்தில் ஆதன் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வில்லின் சரசரப்பை வைத்தே படைப்பைக் கண்டுபிடித்துவிட்டான். அவள் வாசித்துக்கொண்டிருந்ததற்குச் சரியாக இரண்டாம் வயோலாவின் பகுதியைப் பாடிக்கொண்டிருந்தான். அழகாக இருந்தது. அவளுடைய வாசிப்பைவிட அழகாக இருந்தது.

“நிறுத்து!” என்று கத்தினாள்.

திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. முணுமுணுப்பு நின்றது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளையும் போட்டாள். பலகையில் சிவப்பு விளக்கு அணைந்ததா என்றுதான் முதலில் பார்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

மறுநாள் அவள் வயோலாவை எடுக்கும் முன்பே ஆதன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

“எவ்வளவு நேரம் வாசிப்பே?”

“ரெண்டு மணி நேரம்.”

தலையசைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி படியிறங்கிப் போனான். எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை.