ஓஸ்தாபுக்குப் போட்ட நாற்காலி

ஸ்தெஃபா அந்த நாற்காலியை ஊதியிருக்கக் கூடாது. பழக்கதோஷம், வேறென்ன சொல்ல. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை செத்தவர்கள் சாப்பிட வரும் நேரம். அவர்கள் மேல் உட்கார்ந்துவிடக் கூடாதென்று பெஞ்சை ஊதிவிட்டுத்தான் எல்லோரும் உட்காருவார்கள். பெஞ்சை ஊதிய வாயோடு, பக்கத்தில் மகனுக்குப் போட்டிருந்த நாற்காலியையும் அவள் ஊதிவிட்டாள். ஊதிய மூச்சு திரும்பி வந்து கன்னத்தில் பட்டது. ஈர மண்ணும் டீசலும் கலந்த வாடை.

"அண்ணி, என்ன வேலை பண்றீங்க?" செத்துப்போன கணவரின் தங்கை மொத்ரியா, பீட்ரூட் சூப் சட்டியோடு நின்றாள். "உயிரோட இருக்கறவன் நாற்காலிய யாராவது ஊதுவாங்களா?"

"தூசியா இருந்துச்சு."

"தூசியாம். காலைல நான்தானே தொடச்சேன்."

அறுவடைக் காலத்தில் போர்முனையில் ஓஸ்தாபைக் காணவில்லை என்றார்கள். செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. 'காணவில்லை' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்தெஃபா ரொட்டியை விழுங்கினாள். ஊரில் அவளைப் போல வேறு தாய்மார்களும் இருந்தார்கள். சர்ச்சில் இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் பக்கம் அவர்கள் தலைகூடத் திருப்ப மாட்டார்கள்.

"ஓஸ்தாபோட ஞானத்தாய்க்குக் கொஞ்சம் குத்யாக் கஞ்சி குடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதையும் ஊதாம இருங்க," என்று சொல்லிவிட்டு மொத்ரியா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போனாள்.

கரண்ட் போய் வெகுநேரமாகியிருந்தது. மேசை விரிப்பின் அடியில் பரப்பிய வைக்கோலின் வாசனையும், பொரித்த மீனின் எண்ணெயும், ஊறிய காளானும், உருகும் மெழுகும் ஒன்றாகக் கலந்து அறையில் தேங்கி நிற்க, மருந்துக்கடை ஜெனரேட்டர் தெருக்கோடியில் இருமி இருமி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதுவும் நின்றுபோனது.

நாற்காலி முனகியது. கனத்த உடம்பு ஒன்று சாய்ந்து உட்காரும் முனகல்.

விரிப்பின் அடியில் வைக்கோல் நொறுங்கியது, யாரோ முழங்கையை ஊன்றியதைப் போல. நடுவில் குத்யா கிண்ணம். வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும், செத்தவர்களுக்கென்று குத்தி வைத்த ஒரு கரண்டியும். அந்தக் கரண்டி மெல்லச் சாய்ந்தது. கோதுமையில் ஒரு குழி விழுந்தது.

அதைச் சாப்பிடுகிறவன் செத்தவன். சாப்பிடவிடாமல் செய்தால் மகன் எங்கேயோ உயிரோடு இருப்பான். ஒரு சிறையில், ஒரு ஆஸ்பத்திரியில். ஸ்தெஃபா கிண்ணத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ ஓஸ்தாப் இல்ல. என் பையன் உயிரோட இருக்கான். எந்திரிச்சுப் போ."

நாற்காலியிலிருந்து எச்சில் விழுங்கும் சத்தம். பசித்தால் கேட்கத் தெரியாமல், அடுப்புப் பக்கம் நின்று அவன் எச்சில் விழுங்குவான். பெற்றவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

விரட்டினால், விரட்டப்படுவது யார்?

கிண்ணத்தை அவன் முன்னால் வைத்தாள். வைக்கும்போதே, தானே அவனைச் சாகவிட்டுவிட்டோம் என்று நெஞ்சு வெடித்தது.

"சாப்பிடு கண்ணு," என்று அழுதாள்.

கோதுமை குறைந்தது. வேகமாக. ஒருவன் பசிக்கு மேலாக.

வாசல் கதவு திறந்தது. குளிர். மொத்ரியா இல்லை. வாசற்படியில் பூட்ஸைத் தட்டிச் சேற்றை உதறும் சத்தம், வீட்டில் நல்லபடி வளர்த்த பிள்ளைகள் உதறுவது போல. ஒருவர். இன்னொருவர். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு இடப்பக்கம் தாழ்ந்தது. வலப்பக்கமும். தோளில் ஈரத்துணி உரசியது.

மெழுகுவர்த்தி அணைந்தது.

"அம்மா," நாற்காலியிலிருந்து மெதுவாக வந்தது, ஓஸ்தாபின் குரல். "இவனுங்க அம்மாங்க இன்னும் காத்துட்டே இருக்காங்க. ஒரு வீட்லயும் இவனுங்களுக்குச் சாப்பாடு வைக்கல. அதான் கூட்டிட்டு வந்தேன்."

இருட்டில் அவள் விரல் கிண்ணத்தைத் தடவியது. ஒரு பருக்கை இல்லை, வெறும் மண்கிண்ணம். அவள் மணிக்கட்டின் மேல் ஒரு குளிர்ந்த கை, பிறகு இன்னொன்று, இன்னொன்று. கேட்கத் தெரியாத கைகள்.

திறந்த கதவு வழியே தெரு தெரிந்தது. ஒரு ஆள்கூட இல்லை. ஊர் எல்லைப் பாலத்திலிருந்து அவள் வாசல் வரைக்கும், பனியில் புதிய கால்தடங்கள் பதிந்து பதிந்து வந்துகொண்டே இருந்தன.