துணைக்குரல்

அனுப்பிரியா மூச்சை இழுப்பதற்கு முன்பே ஹெட்போனில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து மைக்கிலிருந்து விலகினாள். பொழிச்சலூர் வீட்டின் பின்னறையில், ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்துவிட்டு, விமானச் சத்தம் ஓய்ந்திருக்கும் நேரங்களில் கதைகள் வாசித்துப் பதிவுசெய்வது அவள் தொழில். இன்று வாசிக்க உட்காரவில்லை. தம்பி குமரேசனின் எஃபெக்ட்ஸ் பெட்டியை முதன்முதலாக இணைத்திருந்தாள். கச்சேரி மேடைகளில் அவன் காலடியில் கிடந்த பெட்டி. பாடுகிற குரலோடு இன்னொரு குரலைச் சேர்த்துக் கொடுக்கும். பைபாஸில் லாரி மோதியபோது அவன் முதுகுப்பையில் இருந்தது. பெட்டிக்கு ஒரு மூலை நசுங்கியதோடு சரி.

ரெக்கார்டிங் கருவியிலிருந்து ஒரு ஒயர் பெட்டிக்குள் போனது. இன்னொன்று பெட்டியிலிருந்து திரும்பி வந்தது. இரண்டையும் அழுத்திச் செருகிவிட்டு, "ஹலோ" என்றாள்.

அவள் குரலுக்கு அடியில் ஓர் ஆண்குரலும் "ஹலோ" என்றது. பெட்டி செய்யவேண்டிய வேலைதான். ஆனால் குமரேசன் போனை எடுக்கும்போது "ஹலோ"வை இழுப்பானே, அப்படி இழுத்தது.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மெத்தைப் பஞ்சின் ஈர வாசனையும், சூடேறிய பெட்டியிலிருந்து கிளம்பிய கருகிய தூசியின் வாசனையும், அதற்கும் அடியில், துவைக்காமல் வைத்திருந்த அவன் சட்டைக் காலரில் முகம் புதைத்தால் வருமே, வியர்வையும் சென்ட்டும் கலந்த அந்த வாசனையும் மூடிய அறைக்குள் மெல்ல மெல்ல நிறைந்தன.

"குமரேசா?" என்றாள். தனக்கே வெட்கமாக இருந்தது.

"பேசுக்கா. நீ பேசுனாத்தான் எனக்குக் குரல் வருது."

அவள் அழுதாள். அவள் அழுகைக்கு அடியில் அவனும் அழுதான்.

"இன்னாடி, யார்கிட்ட பேசிக்கினு கீற?"

கதவருகில் அம்மா தனக்கோடி. மகனை எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். அனுப்பிரியா ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தாள். தனக்கு வேறொன்றை மாட்டிக்கொண்டாள்.

அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கண்ணு... சாப்ட்டியாடா?"

"பேசும்மா. நிறுத்தாம பேசு."

அவள் பேசினாள். எதிர்வீட்டு நாய் குட்டி போட்டதை. அவன் வண்டியை இன்னும் விற்காமல் வைத்திருப்பதை. கண்ணீர் கன்னத்தில் வழிய வழியப் பேசினாள். இரண்டு குரல்களையும் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. ஆனாலும் அம்மாவின் குரல் மெலிந்துகொண்டே போனது. அடியிலிருந்த குரல் தடித்துக்கொண்டே மேலே வந்தது.

"போதும்மா, தொண்டை கட்டிடுச்சு பாரு." அனுப்பிரியா ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

அம்மா அவள் மணிக்கட்டை இறுக்கினாள். "புடுங்காதடி. எம் புள்ளைய இன்னொரு வாட்டி சாவடிக்காத."

அனுப்பிரியாவின் கை தானாகக் கீழே இறங்கியது.

வெளியே மழை பெய்து ஓய்ந்தது. வீடு முழுக்க நிசப்தம். அம்மாவின் உதடுகள் ஓயவில்லை. அனுப்பிரியா தன் ஹெட்போனைக் கழற்றினாள்.

அறையில் குரலே இல்லை.

அம்மாவின் கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. நாக்கு புரண்டது. சத்தம் இல்லை. காற்றுகூட இல்லை. அனுப்பிரியா ஹெட்போனைத் திரும்ப மாட்டினாள். குமரேசன் மட்டும். தெளிவாக. காதுக்குள்.

"இன்னும் கொஞ்சம்மா. இன்னும் கொஞ்சம்."

ஒயர்களைப் பிடுங்கினாள். முதலில் ஒன்று. பிறகு இன்னொன்று. பிறகு பெட்டியின் கரண்ட் ஒயர். பெட்டியில் எரிந்த விளக்கு அணைந்தது.

"இன்னும் கொஞ்சம்."

"அம்மா" என்று அனுப்பிரியா கத்தினாள். வாய் திறந்தது. நெஞ்சு அதிர்ந்தது. ஒன்றும் வெளியே வரவில்லை.

"அம்மா!" என்றான் குமரேசன், ஹெட்போனில்.

தனக்கோடி மகள் பக்கம் திரும்பவில்லை. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டே இருந்தாள்.