இனித்த இரும்பு

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி. சிறுமி ருத் மேரியின் விரல்நுனியில் எடுத்த ரத்தத்தைக் கருவியில் வைத்தாள் நெரிடா. மூன்று மாதமாக இரும்புச்சத்து மருந்து குடிக்கும் குழந்தை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவோ தொடக்கத்தில் இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

மற்ற பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.

லிமா நகரின் வறண்ட குன்றுச் சரிவில் தாய்மார்கள் நடத்தும் பொதுச் சமையலறை அது. சத்துணவியல் இறுதியாண்டு மாணவியான நெரிடா பொதுச் சுகாதாரப் பயிற்சிக்காக அங்கே வந்திருந்தாள்.

சுகாதார நிலைய டாக்டர் பலோமினோ யோசிக்கவே இல்லை.

"மருந்து அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"என்கிட்டதான்," என்றாள் சமையல்காரி எவுஃபேமியா.

"வித்துட்டியா? நாளைக்குள்ள சொல்லு. இல்லன்னா போலீஸ்."

சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

மருந்து வேளை வந்தது. "அக்கா, இன்னொரு ஸ்பூன்!" என்று பிள்ளைகள் மொய்த்தார்கள். எல்லார் பல்லும் வெள்ளை வெளேரென்று இருந்தது. நெரிடா ருத் மேரியின் அம்மாவைத் தனியே அழைத்தாள்.

"குழந்தைக்கு வெளிக்குக் கறுப்பாப் போகுதாக்கா?"

"இல்லியே. எப்பவும் போலத்தான்."

பதினோரு மணிக்கு மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் வில்பெர் வந்தான். பெரிய கேனிலிருந்து சின்னப் புட்டிகளில் ஊற்றிக் கொண்டுவருவது அவன் வேலை.

"ஞாயித்துக்கிழமை சண்டையில என் சேவலப் பாத்தீங்களா? அசரவே இல்ல!"

நெரிடா அவன் கையிலிருந்தே ஒரு புட்டியை வாங்கிக்கொண்டாள்.

மாலை, டாக்டரின் அறை. வில்பெரும் இருந்தான். மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் பால் சேர்க்காத தேநீர். கிடங்கிலிருந்து எடுத்துவந்த, முத்திரை உடைக்காத கேனை டாக்டரையே திறக்கச் சொல்லி, அந்த மருந்தை ஒன்றில் விட்டாள் நெரிடா. மை போலக் கறுத்தது. மற்றதில் வில்பெரின் புட்டியைக் கவிழ்த்தாள். நிறம் மாறவே இல்லை.

"இரும்பு பட்டா தேநீர் கறுக்கும், டாக்டர். இது வெறும் சர்க்கரைப் பாகு. எவுஃபேமியாக்கா கையே படாத புட்டி."

"கம்பெனிக்காரன் தப்பும்மா," என்றான் வில்பெர்.

"கேன் சரியாத்தானே இருக்கு? சரி, சேவலுக்கு என்ன தீனி?"

"சோளம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

நெரிடா ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். "வர்ற வழியில உங்க கூண்டுல எடுத்தது. சோளம் மட்டும் தின்னா எச்சம் இப்படித் தார் மாதிரிக் கறுப்பா இருக்குமா? இரும்பு மருந்து குடிச்சா பல்லுல கறை பிடிக்கும், வெளிக்குக் கறுப்பாப் போகும், வாயெல்லாம் ஆணி நக்கின மாதிரி இருக்கும். எந்தப் பிள்ளை இன்னொரு ஸ்பூன் கேக்கும்? பிள்ளைங்ககிட்ட இல்லாத கறுப்பு உங்க சேவல்கிட்ட இருக்கு."

வில்பெர் நாற்காலியில் சரிந்தான். "ரத்தம் ஊறினா மூச்சு வாங்காம சண்டை போடும்னாங்க…"

டாக்டர் எவுஃபேமியாவை வரவழைத்தார். "தப்பு நடந்துபோச்சும்மா. மன்னிச்சிருங்க."

"கதவச் சாத்திக்கிட்டா? திருடின்னு எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் மதியம் டாக்டர் மூச்சிரைக்கக் குன்றேறி வந்தார். வரிசைக்கு முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டார்.

எவுஃபேமியா அடுத்த தட்டில் பருப்பை ஊற்றினாள்.

"தட்டெடுத்துக்கிட்டுக் கடைசியில போய் நில்லுங்க, டாக்டர். உங்களுக்கும் சோறு இருக்கு."