கட்டத்துக்குள் பெருக்கல் குறி

அந்தக் கட்டத்தை அவள் போடவில்லை.

சாமான்களெல்லாம் கூடத்துக்குக் குடிபோய்விட, இருமினால்கூட எதிரொலிக்கிற அந்தக் காலிச் சமையலறையில், மிக்ஸிக்கு இங்கே, ஃப்ரிட்ஜுக்கு அங்கே, அடுப்புக்கு மேலே புகை இழுக்கிற ஃபேனுக்கு அதோ என்று, நேற்று முழுக்க சாக்பீஸும் கையுமாக நின்று சுவரில் பிளக் பாயிண்டுக்கு இடம் குறித்தவள் அவள்தான். எல்லாமே இடுப்புக்கு மேலே. மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். எந்த ஓட்டையைக் கண்டாலும் விரலை விடுகிற பருவம். தரைக்குப் பக்கத்தில் ஒரு பாயிண்ட்கூடக் கூடாது என்பதில் அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

இப்போது சிங்க்குக்குப் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி, ஒரு கட்டம். உள்ளே பெருக்கல் குறி.

கணவனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, சமையலறையில கீழ எதாவது குறிச்சீங்களா?”

“நானா? என் சட்டை எந்த மூட்டையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. நம்ம உருண்டை கிறுக்கியிருப்பா.”

உருண்டை என்பது மகளுக்கு அவன் வைத்த செல்லப் பெயர். கிண்ணத்தையே நேராகப் பிடிக்கத் தெரியாத உருண்டை, ஸ்கேல் வைத்தாற்போல் கோடு போடுமா? அதைக் கேட்பதற்குள் லைனைத் துண்டித்துவிட்டான்.

ஈரத் துணியை எடுத்து வந்து துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். பெயிண்ட் உரிந்து துணியோடு வந்தது. கோடு மட்டும் வரவில்லை. பெயிண்டுக்கு அடியில், முன்னைவிடப் பளிச்சென்று, வெள்ளையாக நின்றது.

அவள் கையிலிருந்த துணியை நழுவவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வருவதற்குச் சாயங்காலமாகிவிட்டது. வாயாடி மனிதர். முதல் நாளே தன் சட்டத்தைச் சொல்லியிருந்தார்: “கட்டம் போட்டு, உள்ள பெருக்கல் குறி போடுங்கம்மா. குறி இருக்கிற இடத்துல கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவேன். இல்லாத இடத்துல நீங்க அழுதாலும் வெட்ட மாட்டேன். கட்டின பொண்டாட்டி பேச்சைக்கூட நான் இப்படிக் கேட்டதில்லை.”

கீழே இருப்பதை வெட்டாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தபோது மகள் வீறிட்டாள். ஒரே புழுக்கம். அறைக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, வெறும் முதுகைத் தட்டித் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருக்கும்போதே சுவர் வெட்டும் மெஷின் அலறத் தொடங்கியது.

ஓடினாள். “அண்ணே! அது வேண்டாம்ணே!”

லேட்.

செங்கல் புழுதிக்கு நடுவே அவர் குந்தியிருந்தார். வெட்டிய இடத்தில், யாரோ ஏற்கெனவே பதித்துவைத்த துருப்பிடித்த இரும்புப் பெட்டி. இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“இதென்னம்மா கூத்து? பெட்டியைத் திருப்பி வச்சிருக்காங்க. ஸ்விட்ச் அந்தப் பக்கம் இருக்கு. சுவத்துக்குள்ள இருந்து போடற மாதிரி.”

“யாரு போடுவாங்க?”

அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். “அந்தப் பக்கம் என்ன ரூம்?”

“ரூமே இல்லண்ணே. வெளிச்சுவர். அப்புறம் தெரு.”

பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு இடுக்கில் கையை விட்டார். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. அந்தச் சுவர் அவ்வளவு பருமன் கிடையாது. உள்ளேயிருந்து, நாள்கணக்கில் மூடிய வாயைத் திறந்தாற்போல் ஒரு வாடை.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் வெள்ளை. சாக்பீஸ் தூள்.

“மெயினை... மெயினை ஆஃப் பண்ணிட்டு வரேன்.” வாசலுக்கு நடந்தார். நடையா அது, ஓட்டம்.

கூடத்தில் ஃப்ரிட்ஜின் முனகல் அடங்கியது. வீடு இருண்டது. ஜன்னலில் மட்டும் அழுக்குத் துணி மாதிரி மிச்ச வெளிச்சம். எங்கோ ஒரு குழாய் சொட்டியது. அதுவும் நின்றது.

டக்.

ஸ்விட்ச் போடுகிற சத்தம்.

ஓட்டைக்குள் விளக்கு எரிந்தது. மஞ்சளாக. வெகு தூரத்தில்.

“அண்ணே!” வாசல் பக்கம் திரும்பிக் கத்தினாள். “அண்ணே, சீக்கிரம் வாங்க!”

முதுகுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. மழலைச் சிரிப்பு.

திரும்பினாள்.

ஓட்டைக்கு முன்னால் உருண்டை உட்கார்ந்திருந்தது. அறையில் தூங்கிய பிள்ளை. மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக் கை தட்டியது. அந்த வெறும் முதுகில், ஸ்கேல் வைத்தாற்போல் ஒரு கட்டம்.

உள்ளே பெருக்கல் குறி.

வாரி அணைத்தாள். முந்தானையால் துடைத்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது. பிள்ளை அழுதது. தேய்த்தாள். கோடு போகவில்லை. தோலுக்கு அடியில், முன்னைவிடப் பளிச்சென்று.

“மெயின் ஆஃப் பண்ணியாச்சும்மா!” வாசலிலிருந்து குரல்.

அப்போது, ஓட்டைக்குள் வெகு தூரத்தில், ஒரு மெஷின் அலறத் தொடங்கியது. நெருங்கி வந்தது.