அட்டையில் இல்லாத பேர்

"எவன்யா இப்படி அச்சடிக்கச் சொன்னது?"

காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்திருந்த கொழுந்தன் ராஜகுருவின் இலைக்குப் பக்கத்தில் அந்தப் பொங்கல் வாழ்த்து அட்டையை விட்டெறிந்தாள் கஸ்தூரி.

சிவகாசியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய கட்டு. ஐந்நூறு அட்டை. வெளியே பானை, கரும்பு, ஜோடி மாடு. எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. உள்ளேதான் விஷம்! பத்து வருஷமாக 'சௌந்தரபாண்டியன் - ராஜகுரு, நூல் வியாபாரம், அருப்புக்கோட்டை' என்று அண்ணன் தம்பி பெயர் சேர்ந்தே வந்த இடத்தில், இந்த 1972 பொங்கலுக்குத் தம்பி பெயர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

"நாந்தான் சொன்னேன் மதினி. அண்ணாச்சி கடைக்கு வந்து ரெண்டு வருசமாச்சு. கடையில உக்காராதவுக பேரு எதுக்கு? பெரியவரு எங்கன்னு வாரவுகல்லாம் கேக்குறாக..."

"கேட்டா, முடியாம படுத்திருக்காகன்னு சொல்ல வாய் வலிக்குதோ?"

இடது கையும் காலும் விழுந்து உள்ளறைக் கட்டிலில் கிடந்த அவள் புருஷனுக்கு இதெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டுமே!

தாயில்லாத இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது ராஜகுருவுக்கு ஏழு வயது. மதுரையில் டீச்சர் டிரெயினிங்குக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. 'சின்னவனை யாரு பாப்பா?' என்று புருஷன் ஒரு வார்த்தை கேட்டார். வந்த காகிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டாள். படித்த படிப்பு இவனுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கத்தான் ஆயிற்று. அப்புறம் மார்கழிக்கு மார்கழி ஐந்நூறு கவரில் விலாசம் எழுத ஆயிற்று.

"இந்த வருசம் நான் ஒரு விலாசம்கூட எழுத மாட்டேன்."

"நீங்க எழுதாட்டி பொங்கல் வராதாக்கும்? குடுங்கக்கா, நான் எழுதுறேன்," என்று விலாச நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள் ராஜகுருவின் மனைவி சௌந்தரம்.

சாயங்காலத்துக்குள் நூறு அட்டை தபாலுக்குப் போய்விட்டது; அதோடு சௌந்தரத்துக்குக் கை ஓய்ந்துவிட்டது. கஸ்தூரி அழவில்லை. ஆட்டுரலில் அன்று அரிசி பட்ட பாடு அரிசிக்குத்தான் தெரியும்.

நான்காம் நாள் காலை வாசலில் ஒரே ஓலம்.

"அய்யோ... எங்கண்ணே... போயிட்டியா! எனக்கு ஒரு சேதி சொல்லலையே பாவிக!"

தலைமுடி அவிழ, மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள் முத்துமாரியம்மாள். மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்டவள்; அண்ணன் தம்பிக்குச் சித்தப்பா மகள். தெருவே கூடிவிட்டது. கஸ்தூரி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். அவள் அடங்கினால்தானே! கடைக்குக் கிளம்பி நின்ற ராஜகுருவின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"ஏலே குரு! செத்த வீட்டுல ஒரு வருசத்துக்குப் பொங்கல் உண்டாலே? அண்ணன் போன வருசத்துலயே கலர் அட்டை போடுறியே... நீயெல்லாம் மனுசனா?"

"அக்கா... அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்லக்கா..."

"பின்ன அவுக பேரு எங்கலே? வருசா வருசம் ரெண்டு பேரு இருக்கும், இந்த வருசம் ஒத்தப் பேருதாம்மான்னு எம்மவன் வாசிச்சானே! உசுரோட இருக்கவுக பேரை எந்தத் தம்பியாவது எடுப்பானா?"

தெரு அவன் முகத்தையே பார்த்தது.

அப்போது உள்ளறையிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது. "மாரி... யாரும்மா செத்தது?"

முத்துமாரியின் கை சட்டையிலிருந்து நழுவியது. ராஜகுரு உள்ளே ஓடி அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கதறினான். "உங்கள நானே கொன்னுட்டேன் அண்ணாச்சி..."

அவர் நல்ல கையால் தம்பி தலையைத் தடவினார். "போகட்டும் விடு கஸ்தூரி... சின்னப்பய..."

"நீங்க சும்மா இருங்க! உங்களுக்கு வேணாம்னா போங்க. உங்க பேரு எனக்கு வேணும்!"

அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நான்கு நாளாக அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்தது. சௌந்தரம் விலாச நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, "என்னைய மன்னிச்சிருங்கக்கா," என்று தலைகுனிந்து நின்றாள். கஸ்தூரி நோட்டை வாங்கவில்லை. மிச்சமிருந்த நானூறு அட்டையையும் மைப் பேனாவையும் எடுத்துவந்து ராஜகுருவின் முன்னால் வைத்தாள்.

"திரும்ப அச்சடிச்சிருவோம் மதினி. இன்னைக்கே சிவகாசிக்குப் போறேன்..."

"வேணாம். எடுத்தவன் நீ. உங்கையால எழுது. ஒட்டாத கவருல அஞ்சு வார்த்தை வரைக்கும் எழுதலாம், கொறஞ்ச ஸ்டாம்புக்கே தபாலாபீசுல விட்டுருவாக. நான் கேக்குறது ஒரே வார்த்தை. முன்னால போன நூறு பேருக்கும் தனியா போஸ்ட் கார்டுல எழுதிப் போடணும்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏழு வயதில் அவள் பிடித்து எழுதவைத்த அதே கையால், அண்ணன் பெயரை எழுதினான். முதல் அட்டையிலேயே கண்ணீர் விழுந்து மை பரவிவிட்டது.

"அத வையி. வேற எடு," என்றாள் கஸ்தூரி.

குரலில் கோபம் இன்னும் இறங்கவில்லை. முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்த அட்டையை அவளே எடுத்துக் கொடுத்தாள்.