வரிசை மாறிய குரல்

"ஐயோ... முதலாளி!"

மூன்றாவது மாடியில் ரிசப்ஷன் பெண்ணின் அலறல்!

கம்பெனியின் நெட்வொர்க் என்ஜினீயர் படிகளில் தாவி ஏறினான்.

முதலாளி தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். கையில் இன்டர்காம் ரிசீவர்...

இன்ஸ்பெக்டர் வந்ததும் அவள் விசும்பினாள். "எனக்குத்தான் சார் ஃபோன் பண்ணார். 'கா... ப்... து'ன்னு விட்டு விட்டுக் கேட்டுச்சு. லைன் சரியில்லைன்னு வெச்சுட்டேன். அப்புறம் மனசு கேக்காம வந்து பார்த்தா..."

காப்பாத்து!

என்ஜினீயருக்குப் புரிந்துவிட்டது.

அந்த வார்த்தையைத் துண்டாடியவன் அவன்தான்!

மத்தியானம் மகளின் பாட்டுப் போட்டி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நேரலை திக்கித் திணறியது. இன்டர்காம், இன்டர்நெட் எல்லாம் ஓடும் ஆபீஸ் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் ஃபோன் குரல்களுக்கு இருந்த முதல் வரிசையைப் பிடுங்கி, வீடியோக்களுக்குக் கொடுத்தான். குரல்களைக் கடைசிக்குத் தள்ளினான்.

மகள் பிசிறில்லாமல் பாடினாள்...

இங்கே ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார்!

"இந்தப் பொண்ணு எதையோ தப்பாக் கேட்டிருக்கு சார்," என்றார் நிர்வாகத்தைக் கவனிக்கும் முதலாளியின் மாப்பிள்ளை. "இவ மேலே வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிகூட கீழே கோடவுன்லேருந்து மாமாகிட்ட இன்டர்காம்ல பேசினேன். கணீர்னு பேசினார்! நான் கோடவுனை விட்டு நகரவே இல்லை."

என்ஜினீயர் தவித்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்... தூக்கம் போகும். ஆயுசுக்கும்!

"நான்தான் சார் அவரைக் கொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"என்னய்யா உளர்றே?"

எல்லாவற்றையும் கொட்டினான். கண்ணீரோடு.

"மத்தியானத்திலேருந்து இந்தக் கட்டடத்துல எந்த இன்டர்காம்லயும் ஒரு முழு வார்த்தை போயிருக்காது சார். இன்னும் நான் சரி பண்ணலை..."

இன்ஸ்பெக்டர் பக்கத்து அறைக்குப் போய் ரிசப்ஷனைக் கூப்பிட்டார். அங்கே நின்ற கான்ஸ்டபிளின் குரல் நொறுங்கி வந்தது.

"ஐ... சொ... ங்க..."

ரிசீவரை வைத்தார். திரும்பினார்.

"ஏன் சார்... உங்க மாமா உங்ககிட்ட மட்டும் எப்படிக் கணீர்னு பேசினார்?"

மாப்பிள்ளையின் நெற்றி வியர்த்தது. சட்டென்று கதவை நோக்கிப் பாய்ந்தார்.

அறை வாசலில் நின்ற இன்னொரு கான்ஸ்டபிள் கொத்தாகச் சட்டையைப் பிடித்தார்!

"கம்பெனியை எழுதித் தர மாட்டேன்னுட்டான் கிழவன்..." மாப்பிள்ளை பல்லைக் கடித்தார்.

என்ஜினீயர் தலை நிமிரவில்லை.

"அந்தக் குரல் ஒழுங்காப் போயிருந்தா... பிழைச்சிருப்பாரே சார்?"

இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்தார்.

"எனக்கு வேலை போயிடும். போகட்டும் சார்."

"எப்படிய்யா போகும்? உன்னை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மாப்பிள்ளையைத்தான் நாங்க மாமியார் வீட்டுக்கு அனுப்புறோமே!"